பயிற்சி இலவசம், உலை வைக்க யார் தருவது? மந்த காலத்து மறுபயிற்சியும் வடசென்னையும்

2019 செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. நாடு முழுக்க லாரி விற்பனை படுத்துவிட்ட நேரம் அது. நாளுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் 16 நாள் என்பது 112 மணி நேரம். ஆர்க் வெல்டிங் கைவந்த ஒருவர் டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயுவின் காப்பில் நடக்கும் நுட்பமான வெல்டிங்) ரூட், அதாவது இணைப்பின் அடியில் விழும் முதல் வரி, போடப் பழகிக்கொள்ள ஏறக்குறைய இவ்வளவு நேரம்தான் தேவை. டீசல் வண்டி மெக்கானிக் ஒருவர் மின்சார வண்டியில் ஆபத்தில்லாமல் கை வைக்கக் கற்றுக்கொள்ள இதில் பாதி போதும்.

பெரிய ஆலையின் கேட் மூடினால் அது செய்தியாகிறது. அந்த ஆலைக்கு புஷ், பின், பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் பட்டறைகளில் நடப்பது வெளியே தெரிவதில்லை. அங்கே “நாளைக்கு வர வேணாம்ப்பா, ஆர்டர் வந்தா போன் பண்றேன்” என்பதோடு சரி. எழுத்தில் எதுவும் இருக்காது. அடுத்த வாரமா, அடுத்த மாதமா என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அந்த நாட்கள்தான் ஒரு தொழிலாளி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் நேரம். அந்த நேரம் ஒவ்வொரு மந்தத்திலும் வீணாகப் போகிறது.

ஏன் வீணாகிறது? பயிற்சி மையங்கள் இல்லாமல் இல்லை. கட்டணமில்லாத பயிற்சிகளும் நிறையவே இருக்கின்றன. ஆனால் நாற்பது வயதில் குடும்பத்தோடு இருப்பவருக்குப் பயிற்சியின் பெரிய செலவு கட்டணமாக வருவதில்லை. அவர் வகுப்பில் இருக்கும் நாட்களில் வீட்டில் உலை வைக்க ஆகும் பணம்தான் பெரிய செலவு. அதைக் கணக்கில் எடுக்காமல் போடும் முதலீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதி வழியில் நின்றுவிடும்.

காசிமேட்டில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டுவார்கள், பலகையும் பைபரும் மாற்றுவார்கள், எஞ்சினை இறக்கிப் பிரிப்பார்கள், வலை பின்னுவார்கள். மீன் படும் நாளில் யாரும் எஞ்சினைப் பிரித்துப் போட மாட்டார்கள். அதே தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணமும் வருகிறது. தொகை போதாது என்பது வேறு விஷயம். வருமானம் இல்லாத காலம், பழுது பார்க்கும் காலம், அந்தக் காலத்துக்கான பணம் ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டில் இணைந்திருக்கின்றன. ஆலைத் தொழிலாளிக்கு இந்த மூன்றும் மூன்று அலுவலகங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடக்கின்றன.

ஆய்வுகள் சொல்வது

வேலை கொழிக்கும் காலத்தில் மூன்று மாதம் வகுப்புக்குப் போனால் மூன்று மாதச் சம்பளம் போகும். வேலையே இல்லாத காலத்தில் போனால் இழப்பது குறைவு. பயிற்சியில் இருக்கும்போது வேலை தேடுவது நின்றுபோகும் என்பதும் ஒரு நட்டம்தான். ஆனால் தேடினாலும் கிடைக்காத காலத்தில் அந்த நட்டம் சிறியது. டேவிட் கார்டு, யோகன் குளூவே, ஆந்த்ரேயா வெபர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2018இல் பல நாடுகளின் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்த முதல் ஆண்டில் பலன் ஏறத்தாழ ஒன்றுமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வேலை வாய்ப்பு கூடுகிறது. மந்த காலத்தில் நடந்த திட்டங்கள் கூடுதலாகப் பலன் தருகின்றன என்று கண்டார்கள். ஜெர்மனியில் லெக்னரும் வுன்ஷும் 2009இல் வெளியிட்ட ஆய்வும் வேலையின்மை அதிகமாக இருந்தபோது தொடங்கிய பயிற்சிகளே நன்றாக வேலை செய்தன என்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. பயிற்சி முடிந்து மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பார்த்து ஒரு மையத்துக்கு மார்க் போடுவது இங்கே வழக்கம். பலன் இரண்டாம் ஆண்டில் வருகிறது என்றால், மூன்றாம் மாதத்தில் அளப்பவர் தவறான மையத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். மூன்றே மாதத்தில் ஆளை எங்காவது செக்யூரிட்டி வேலைக்கு அனுப்பிக் கணக்குக் காட்டும் மையம் முதலிடம் பிடிக்கும்.

எதைக் கற்பது என்பதும் பெரிய வித்தியாசம் செய்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேலை இழந்து சமூகக் கல்லூரிக்குப் போனவர்களை ஜேக்கப்சன், லலாண்ட், சல்லிவன் ஆகியோர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ஓராண்டுப் படிப்பு நீண்டகால வருமானத்தை ஆண்களுக்கு சுமார் 9 சதவீதமும் பெண்களுக்கு சுமார் 13 சதவீதமும் உயர்த்தியது. கணக்கு, அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த பாடங்களை எடுத்தவர்களுக்கு அது ஆண்களில் 14, பெண்களில் 29 சதவீதம் வரை போனது. மற்ற பாடங்களால் பெரிய மாற்றமில்லை. எந்த வகுப்பில் இடம் இருக்கிறதோ அதில் ஆளை உட்கார வைக்கும் பழக்கத்துக்கு இந்த ஆய்வு நேரடியான மறுப்பு.

பின்னி மூடியதும் ஐ.சி.எப். மாறியதும்

பெரம்பூரில் கிட்டத்தட்ட அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு இடங்கள் இந்த விஷயத்தின் இரண்டு முனைகளைக் காட்டுகின்றன. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, நம் வாயில் பின்னி மில், 1996இல் மூடியது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமான ஆலை அது. நூற்புக்கும் தறிக்கும் பழகிய கைகளுக்கு அந்தத் தொழிலைத் தொடர அக்கம்பக்கத்தில் வேறு ஆலை இல்லை. மூடிய பிறகு மறுபயிற்சி என்று பேசுவதில் பயனும் குறைவு. அதற்குள் கையில் வந்த இழப்பீடு கடனுக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கும்.

ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எப்.பில் 2018 ஜனவரி 19 அன்று பழைய வடிவமைப்பின் கடைசிப் பெட்டி வெளியேறியது. அதன் இடத்தை எல்.எச்.பி. என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டிகள் பிடித்தன. பழைய பெட்டிக்கு சாதா எஃகு, புதிய பெட்டிக்கு ஸ்டெயின்லெஸ் எஃகு. வெல்டிங்கில் இது சிறிய மாற்றம் கிடையாது. ஸ்டெயின்லெஸ் சூட்டில் கூடுதலாக விரிந்து தகடு கோணிக்கொள்ளும். வெப்பத்தை அளந்து கொடுக்க வேண்டும். சாதா எஃகுக்குப் பயன்படுத்திய வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு ஒட்டிக்கொள்ளும். தொழில் அடியோடு மாறியும் சம்பளம் நிற்கவில்லை என்பதால் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அதை வேலையில் இருந்தபடியே கற்றுக்கொண்டார்கள். மறுபயிற்சிக்கு இதைவிட நல்ல நிலைமை அமையாது.

நம் நாட்டில் மறுபயிற்சிக்கென்றே ஒரு நிதி முன்பு தொடங்கப்பட்டது. தாராளமயமாக்கலால் வேலை இழப்பவர்களுக்கு உதவ 1992இல் தேசிய புதுப்பிப்பு நிதி உருவானது. இழப்பீடு, மறுபயிற்சி, மாற்று வேலை என்று மூன்று நோக்கங்கள் எழுதி வைத்தார்கள். பணத்தின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுக்கே போய்விட்டது. விருப்ப ஓய்வுக்கு ஒரு காசோலை எழுதினால் கோப்பு முடிந்துவிடும். பயிற்சிக்கு இடம், கருவி, ஆசிரியர், தேர்வு, வேலை கொடுப்பவர் என்று இழுத்துக்கொண்டே போகும். எந்த நிர்வாகமும் சுலபமான கதவு வழியாகத்தான் பணத்தை வெளியே அனுப்பும். அதனால் மறுபயிற்சிப் பணத்தைத் தனியாகப் பூட்டி வைக்காத எந்த நிதியும் இழப்பீட்டு நிதியாக மாறிப் போகும்.

2008-09 நெருக்கடியில் ஜெர்மனி வேறு வழியில் போனது. வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை அரசே கொடுத்தது. உச்சகட்டத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். வேலையற்ற நேரத்தில் தொழிலாளியைப் பயிற்சிக்கு அனுப்பினால் முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கு முழுவதையும் அரசு திருப்பித் தந்தது, அனுப்பாவிட்டால் பாதிதான். சிங்கப்பூர் 2008 டிசம்பரில் ஸ்பர் என்ற திட்டத்தைத் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு 60 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. வகுப்புக் கட்டணத்தோடு, வகுப்பில் இருக்கும் மணிகளுக்கான சம்பளத்திலும் ஒரு பங்கை நிறுவனத்துக்குக் கொடுத்தது. இரண்டு நாடுகளும் ஆளை வேலையிலிருந்து வெளியே விடாமலே பயிற்சி கொடுத்தன.

வீட்டுக் கணக்கு

நாளுக்கு 700 ரூபாய் கூலி வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், 18,200 ரூபாய். மூன்று மாதப் பயிற்சிக்குப் போனால் 54,600 ரூபாய் வருமானம் விடுபடும். வேலை மந்தமாகி வாரத்தில் மூன்று நாள்தான் கிடைக்கிறது என்றால்கூட ஏறத்தாழ 27,000. வகுப்புக்கு 5,000 ரூபாய் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது இதன் பக்கத்தில் எம்மாத்திரம்?

இதற்குமேல் தண்டல். வடசென்னையில் வழக்கமான தண்டல் கணக்குப்படி 10,000 ரூபாய் கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள்; தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டியை ஆண்டுக்கணக்காக்கினால் நூறு சதவீதத்தைத் தாண்டும். வேலை நின்றாலும் தண்டல்காரர் சாயந்திரம் வந்து நிற்பார். வீட்டுக்காரம்மா பெயரில் வாரக் குழு லோன் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக வாங்கிய சம்பளம் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தீரும்போதுதான் பயிற்சியிலிருந்து ஆட்கள் நின்றுபோவார்கள். மையத்தின் பதிவேட்டில் ‘ஆர்வமின்மை’ என்று எழுதி வைப்பார்கள். ஆர்வத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது கிடைக்கும் உதவிகளை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, கூடவே பஸ் பாஸ், சீருடை, பாடநூல். பதினேழு வயதுப் பையனுக்கு இது உதவும். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. ஆனால் 38 வயதுக்காரர் இரண்டு ஆண்டு ஃபிட்டர் படிப்பை 750 ரூபாயில் ஓட்ட முடியாது. வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பிறகு. நேற்று வேலை போனவருக்கு அது வந்து சேரவே சேராது.

உருப்படியான தொகை தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் வேலை இழந்தவருக்கு சராசரி தினசரி வருமானத்தில் 50 சதவீதம், 90 நாள் வரை கிடைக்கும். 2018இல் 25 சதவீதமாகத் தொடங்கி 2020இல் கொரோனா காலத்தில் பாதியாக உயர்த்தினார்கள்; தற்காலிகத் திட்டமாக அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். மாதம் 18,000 வாங்கியவருக்கு நாளுக்கு சுமார் 300, மூன்று மாதத்துக்கு 27,000. தண்டலுக்கு நூறு போனாலும் அரிசி பருப்புக்கு இருநூறு நிற்கும். நிபந்தனை: இரண்டு ஆண்டாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், அந்த இரண்டு ஆண்டின் மற்ற மூன்று சந்தாக் காலங்களில் ஒன்றிலும் அதேபோல 78 நாள். வேலை போன 30 நாளுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. காண்ட்ராக்டர் மாறி மாறி ஓடும் ஆளுக்கு இந்த 78 நாள்தான் இடறும் கல்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை அதில் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் என்ற பழைய ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு மேல் இது கூடுதல். நோக்கம் நல்லது. ஆனால் 18,000 சம்பளக்காரருக்கு இது சுமார் 10,000 ரூபாய். நேராக வங்கிக் கணக்கில் விழும் அந்தப் பணம் பயிற்சிக்குப் போகும் என்பதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. ‘நாளைக்கு வர வேணாம்’ என்று சொல்லப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு செய்யப்பட்டவராகவே பதிவாவதில்லை. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் நிற்பது அந்த ஓட்டையில்தான்.

சரியாக யோசித்த ஏற்பாடு நம்மிடமே ஒன்று இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நடத்தும் ஒரு வாரத் திறன் பயிற்சியில், விடுபட்ட கூலிக்கு ஈடாகத் தினம் 800 ரூபாய் கொடுக்கிறார்கள். இதற்கான பணம் கட்டுமானச் செலவின் மேல் விதிக்கும் ஒரு சதவீத நல வரியிலிருந்து வருகிறது. கட்டடங்கள் எழும் நல்ல காலத்தில் வரி சேரும், மந்த காலத்தில் எடுத்துச் செலவிடலாம். மந்தம் வந்தால் மாநிலத்தின் வருவாய் சுருங்கும், கடன் வரம்பு இடிக்கும், பயிற்சி ஒதுக்கீட்டில்தான் முதலில் கத்தரி விழும். முன்கூட்டியே சேர்த்து வைத்த தனி நிதிதான் அந்தக் கத்தரிக்குத் தப்பும். மணலி, எண்ணூர் உற்பத்தித் தொழிலுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பதே எங்கள் கருத்து. வாரம் ஒருமுறை, வருகைப் பதிவின்படி, கையில் பணம். பயிற்சி முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம் என்பது தண்டல்காரரிடம் செல்லாது.

வெல்டிங் பூத்துக்குள்

பயிற்சியின் தரம் எங்கே கெடுகிறது என்று பார்க்க ஒரே ஒரு தொழிலை அருகில் போய்ப் பார்க்கலாம். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் சுற்றியுள்ள ரசாயன ஆலைகளிலும் ஷட்டவுன் வேலைக்கு அதிகம் தேடப்படுவது 6ஜி பைப் வெல்டர். ஷட்டவுன் பராமரிப்பைப் பொருளாதார மந்தம் அவ்வளவு சுலபமாக நிறுத்தாது. ஆலை ஓட வேண்டுமென்றால் குழாய்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

6ஜி தேர்வில் பைப்பை 45 டிகிரி சாய்வில் பூட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் வளைந்து நெளிந்து சுற்றி வர வேண்டும். இரு முனைகளிலும் 37.5 டிகிரி சரிவு வெட்டி, நடுவில் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) அடிப்பார்கள். முதல் பாஸ், அதாவது முதல் சுற்று வெல்டு, டிக் ரூட். கடிகாரத்தின் 6 மணி இடத்தில் அடியில் தொடங்கி 12 மணிக்கு ஏறுவது, மறுபக்கமும் அப்படியே. அடியில் உலோகம் உள்பக்கம் நிற்காமல் கீழே இழுத்துக்கொண்டு குழி விழும். புதியவர் தோற்கும் முதல் இடம் அது. இரண்டாவது இடம் டேக்கும் ரூட்டும் சேரும் முனை. அங்கே கிரைண்டரால் இறகு போலச் சீவாமல் மேலே ஓட்டினால் எக்ஸ்ரேயில் உருகாத கோடு தெரியும்.

மேல் பாஸ்களுக்கு 7018 என்ற வகை வெல்டிங் ராடு. இது ஈரத்தை உறிஞ்சும். திறந்த பாக்கெட்டை எண்ணூர் கடல் காற்றில் ஒரு நாள் வைத்தாலே போதும். வெல்டில் ஊசித் துளைகள் வரும், கனமான பைப்பில் விரிசலும் வரும். 300 முதல் 350 டிகிரி வரை அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, கையடக்க அடுப்பில் சூடாகவே வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பயிற்சி மையத்தில் அந்த அடுப்பு இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

மீதிப் பாதி ராடு எண்ணிக்கை. 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று எரிய ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். நாளுக்கு ஒரு மணி நேரம் உண்மையாக ஆர்க் பிடிக்க வேண்டுமென்றால் ஒருவருக்கு 40 ராடு வேண்டும். பைப் துண்டு, ஆர்கான், கிரைண்டிங் வீல் எல்லாம் தனி. இவைதான் வெல்டிங் பயிற்சியின் உண்மையான செலவு. தலைக்கு இவ்வளவு என்று அரசு தரும் பயிற்சிக் கட்டணத்தில் மையம் லாபம் பார்க்க நினைத்தால் கை வைப்பதும் இவற்றில்தான். நாளுக்கு ஐந்து ராடு கொடுத்துவிட்டு மீதி நேரம் போர்டில் படம் வரைந்து காட்டும் இடத்தில் ஆறு மாதம் இருந்தாலும் கை படியாது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதித்தொகுப்பு 9ஆம் பிரிவின்படி தேறிய வெல்டர் ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டு போடாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகும். மந்தத்தில் ஆறு மாதம் சும்மா இருந்தவர், வேலை திரும்பும் நாளில் மறுபடி டெஸ்ட் கொடுத்தாக வேண்டும். கையில் இருக்கும் திறனையே மந்தம் செல்லாததாக்கிவிடுகிறது. இதற்குப் புதுப் படிப்பெல்லாம் தேவையில்லை. வட சென்னை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் வேலை இல்லாத வெல்டர்களுக்கு மாதம் இரண்டு நாள் பூத் திறந்துவிட்டு, பைப்பும் ராடும் கொடுத்து, போட்ட வெல்டைப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுதித் தந்தால் போதும். அந்தப் பதிவை வேலை கொடுக்கும் நிறுவனங்கள் ஏற்கும்படி முன்கூட்டியே பேசி வைப்பதுதான் இதில் கடினமான பகுதி. மறுபயிற்சியில் ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இதுவாகத்தான் இருக்கும்.

குறுக்கே தாண்ட முடிகிற வாய்க்கால்கள்

நாற்பது வயதில் புதுத் தொழிலுக்குத் தாவுவதைவிட, தெரிந்த தொழிலின் அடுத்த படிக்கு ஏறுவது நடக்கக்கூடிய காரியம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டீசல் பேருந்தில் கை தேர்ந்தவருக்கு ஏர் பிரேக், சஸ்பென்ஷன், ஏ.சி., பாடி எல்லாம் ஏற்கனவே தெரியும். புதிது, ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம். ஆரஞ்சு நிற கேபிள் எதைக் குறிக்கிறது, சர்வீஸ் துண்டிப்பானைக் கழற்றிய பிறகு கெபாசிட்டர் இறங்கத் தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் காத்திருப்பது, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்து ஊசித் துளை தேடுவது, மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதித்து, பிறகு வண்டியில் அளந்து, மறுபடி பழைய இடத்தில் சோதிப்பது. இதை மனப்பாடம் செய்தால் போதாது. கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்தப் பேருந்துகளை ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒப்பந்த நிறுவனம் என்பதால், அதோடு பேசாமல் நடத்தும் மின்வாகனப் பயிற்சிக்கு வேலை உத்தரவாதம் சொல்ல முடியாது.

அனுபவத்தை மதிக்கும் தேர்வுகள் சில இருக்கின்றன, தெரிந்தவர்கள் குறைவு. வயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள 21 வயது தாண்டிய எவரும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், உச்ச வயது கிடையாது. அகில இந்தியத் தொழிற்தேர்வை ஐ.டி.ஐ. போகாமல் தனித்தேர்வராக எழுத வழி உண்டு. மணலியிலிருந்து டேங்கர் ஓட்ட ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சிச் சான்று தேவை. ஏற்கனவே கனரக உரிமம் வைத்திருக்கும் ஓட்டுநருக்கு இந்த மூன்று நாள் வேலைச் சந்தையையே மாற்றிவிடும். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு ஆள் பிடிப்பதற்கு முன்னால், இந்தச் சிறிய வாய்க்கால்களில் பலகை போட்டுக் கொடுப்பது நல்லது.

தேர்வில் தோற்பவர்கள் பெரும்பாலும் செய்முறையில் தோற்பதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு பின்னமும் தசமமும் மறந்திருக்கும். வரைபடத்தில் மேல்பார்வை, பக்கப்பார்வை குழப்பும். கணினித் தேர்வில் மவுஸைப் பிடிக்கக் கை நடுங்கும். எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இருபது மணி நேரம் கணக்கு, வரைபடம், கணினிப் பழக்கம் என்று ஒதுக்க வேண்டும். ‘வயசான காலத்துல படிப்பா’ என்ற கூச்சம் பெரிய சுவர். பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் அது உயரும். ஒத்த வயதுக்காரர்களை ஒரு குழுவாகச் சேர்த்தால் இறங்கும்.

பெண்களுக்கு என்றால் தையலும் அழகுக்கலையும்தான் என்று இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருவுக்கு நான்கு தையல் மிஷின் இருக்கும் இடத்தில் ஐந்தாவது மிஷினுக்கு ஜாக்கெட் எங்கிருந்து வரும்? ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி நோயாளி பராமரிப்புக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. எந்தத் தொழிலானாலும் வகுப்பு காலை பத்து முதல் மூன்று வரை இருந்தால் வருவார்கள். பள்ளி விடும் நேரத்தைத் தாண்டினால் வர மாட்டார்கள்.

இடமும் முக்கியம். கிண்டிக்குப் போய்வர நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றால் மணலிக்காரர் இரண்டாம் வாரம் நிற்பார். மணலிக்குப் பயணிகள் ரயிலும் கிடையாது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ திருவொற்றியூர்க்காரருக்கு உதவும், உள்ளே இருப்பவருக்கு பஸ்தான்.

வேலை நின்ற வாரத்தில் செய்ய வேண்டியவை

முதல் நாளே இ.எஸ்.ஐ. எண்ணையும் பி.எப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் அனுபவச் சான்று தர மறுத்தால், பி.எப். பாஸ்புக்கிலும் இ.எஸ்.ஐ. சந்தா வரலாற்றிலும் நிறுவனத்தின் பெயரும் மாதங்களும் இருக்கும். அதை அச்செடுங்கள், கேட் பாஸ் நகலையும் சேருங்கள். தனித்தேர்வுக்கும் வேலைக்கும் பேசும்போது அது கைகொடுக்கும். 78 நாள் கணக்கை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். திட்டம் அப்போது நடப்பில் இருக்கிறதா என்றும் அங்கேயே தெரியும். பி.எப். பணத்தை எடுத்துத் தண்டலை அடைப்பது சில நேரம் நியாயமாகப் படும். அந்த வட்டிக்கு அது சரியும்கூட. ஆனால் மொத்தத்தையும் எடுக்காதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்திருந்தால் அதையும் பாருங்கள்.

பிறகு, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பயிற்சி மையத்தின் பட்டறைக்குள் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பூத், கடந்த பேட்சில் யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், சான்றிதழ் யார் கையெழுத்தில் வருகிறது, அதை எந்த ஆலையின் கேட்டில் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். உதவித்தொகை உண்டென்றால் வாரா வாரமா, கடைசியிலா என்று கேளுங்கள். வெல்டிங் என்றால் ஒருவருக்கு நாளுக்கு எத்தனை ராடு என்று கேட்டுவிட்டு, குப்பைத் தொட்டியில் எரிந்த முனைகள் எவ்வளவு கிடக்கின்றன என்று எட்டிப் பாருங்கள்.